‘மாத்திடுங்க சார்’ என்னும் சித்தாந்தம்

காரில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்ற குறையோடு எந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாலும், அங்கே ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, கதவைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே, ஒரு பாட்டை முதல் சரணம் வரையில் போட்டுக் கேட்பதற்குக்கூட முன்பே, தீர்ப்பு வந்து விடுகிறது: “மாத்திடுங்க சார்.” ஸ்பீக்கரை மாற்றுவதா, ஸ்டீரியோவை மாற்றுவதா, புதிதாக ஓர் ஆம்ப் வைப்பதா, டிக்கியில் சப்-ஊஃபர் பெட்டி ஒன்றை ஏற்றுவதா என்பதில் கடைக்குக் கடை பேதம் இருக்கலாம், மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் வரிசைக் கடைகள் முதல் சிற்றூர்ப் புறவழிச் சாலையின் ஒற்றை ஷட்டர் கடை வரைக்கும் பேதமே கிடையாது.

இந்த அபிப்பிராயம் கடைக்காரருடையது மட்டுமாக இருந்தால் அதை வியாபார தந்திரம் என்று ஒதுக்கி விட்டுப் போகலாம். வண்டி வைத்திருப்பவரும், அவருடைய மைத்துனரும், வாடகைக்கு ஓட்டும் டிரைவரும், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனும் இதையே நம்புகிறார்கள் என்பதுதான் விஷயம். பலரும் நம்பும் ஒன்றை மறுக்கப் புகுகிறவன் முதலில் அதன் முழுப் பலத்தோடும் அதை எடுத்துரைக்கக் கடமைப்பட்டவன். எதிர்த்தரப்பார் சொல்வது இது: கம்பெனி போட்டு அனுப்பும் ஸ்பீக்கர் செலவைச் சுருக்கிச் செய்யப்பட்டது, மெல்லிய காகிதக் கூம்பும் சிறு காந்தமும் உடையது, அதனிடம் கனமான நாதத்தை எதிர்பார்ப்பது வீண், ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்ப் சக்தி குன்றியது, சக்தி குன்றினால் சப்தம் சிதறும், சக்தியைப் பெருக்கினால் சிதறல் நீங்கும், இவ்விரண்டையும் சரிக்கட்டிய பிறகு ட்யூனிங் என்று எஞ்சுவது அவரவர் காதுக்குப் பிடித்தபடி பாஸையும் ட்ரெபிளையும் திருகிக்கொள்வதே, அதற்குச் சாஸ்திரம் எதுவும் கிடையாது.

இவற்றில் முதல் வாக்கியம் ஓரளவு உண்மை. மலிவான காகிதக் கூம்பு வெயிலிலும் ஈரத்திலும் நைந்து போவதையும், அதை அகற்றிவிட்டு நல்லதொன்றை வைத்தால் கேட்கிறவன் முகம் மலர்வதையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால், அந்த ஒரு துண்டு உண்மையை வைத்துக்கொண்டு எல்லாக் குறைக்கும் மாற்றுதலே நிவாரணம் என்று சாதிப்பது, கணக்கின் விடை தவறியதற்குச் சிலேட்டை மாற்றச் சொல்வதைப் போன்றது. பொருளைக் காட்டிலும் பொருளைப் பொருத்திய விதத்தில்தான் பெரும்பாலான குற்றங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது என் கட்சி. அவற்றைக் கண்டுபிடிப்பதற்குப் பணத்தைவிட ஒழுங்கான விசாரணையே வேண்டும். ஆட்சேபங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. “50 வாட்ஸ் வீதம் 4” என்று ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்களே, அந்த 50 எங்கிருந்து வந்தது? எஞ்சின் ஓடுகையில் காரின் மின் அழுத்தம் உயர்ந்தால் 14.4 வோல்ட் அளவில் நிற்கும். சாதாரண ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிறு ஆம்புக்கு அதைத் தவிர வேறு முதல் கிடையாது. அந்த 14.4 வோல்ட்டைத் துளியும் சேதாரமின்றி 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குள் செலுத்தி, அலையின் வளைந்த உச்சிகளையெல்லாம் மழித்துத் தட்டையாக்கி, முழுச் சதுர அலையாகவே தள்ளுவதாக வைத்துக்கொண்டால், 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க வருவது 51.84 வாட்ஸ். பெட்டியின் மேல் இருக்கும் 50 அதுதான். அதாவது, சங்கீதம் முற்றிலும் நாசமாகிவிட்ட நிலையில் அக்கருவி கக்கக்கூடிய சக்தியையே அதன் பெருமையாக அச்சிட்டு விற்கிறார்கள். அலை சிதையாமல் இருக்க வேண்டுமானால் அதில் நேர் பாதியான 25.9 வாட்ஸே எல்லை. டிரான்சிஸ்டர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 18 முதல் 22 வரை. சந்தேகப்படுகிறவர்கள் ஸ்டீரியோவின் முதுகைத் திருப்பிப் பார்க்கலாம். பலவற்றில் 10 ஆம்பியர் பியூஸ்தான் செருகியிருக்கும், 14.4 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 144 வாட்ஸ். 144 உள்ளே நுழையும் பெட்டியிலிருந்து 200 இடைவிடாமல் வெளியே வருமானால் நாட்டின் மின்வெட்டுப் பிரச்சினை என்றோ தீர்ந்து போயிருக்கும். பி.எம்.பி.ஓ. என்ற பெயரால் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் எண்களைப் பற்றிப் பேசுவது காகிதத்துக்குச் சேதம்.

எண் பொய் என்பதோடு இந்த ஆட்சேபம் முடியவில்லை. எண் மெய்யாகவே இருந்தாலும் பிரயோஜனம் சொற்பம். சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் லாபம் 3 டெசிபல். அதைக் காது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று மட்டுமே உணரும். சப்தம் இரு மடங்காயிற்று என்று சாமானியக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி, வேண்டும். 20 வாட்ஸை 40 ஆக்கப் பணம் கொடுத்தவர், தாம் வாங்கியது இவ்வளவுதான் என்று அறிந்து வாங்கினாரா? ஸ்பீக்கரின் பெட்டியிலே சென்சிடிவிட்டி என்று சிறிய எழுத்தில் மற்றோர் எண் இருக்கும். 90 என்றிருக்கும் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுப்பதும், 87 என்றிருப்பதற்கு 100 வாட்ஸ் கொடுப்பதும் காதுக்கு ஒன்றே. சிறிய எழுத்தில் இருப்பதால் அந்த எண்ணை ஒருவரும் கேட்பதில்லை.

2. ‘நாலு ஸ்பீக்கருக்குப் பதில் ஆறு’ என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிரமை. பின்பக்கம் இரண்டு கூடுதலாக வைத்து, இருக்கும் ஒயரிலேயே ஜோடி சேர்த்து விடுகிறார்கள். 4 ஓம்ஸ் இரண்டு பக்கவாட்டில் சேர்ந்தால் 2 ஓம்ஸ். 4 ஓம்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாத ஸ்டீரியோ, சுமை தாங்காமல் கொதித்து, ஒலியைச் சற்று உயர்த்தியதும் தானே அணைந்து விடும். அணைந்ததும் ‘செட் வீக்கு சார்’ என்ற இரண்டாம் தீர்ப்பும், அதையொட்டி மூன்றாவது விற்பனையும் நிகழ்கின்றன.

3. ஒயரைப் பார்க்காமல் ஸ்பீக்கரைக் குறை கூறுவதைப் போன்ற அநியாயம் இந்த வியவகாரத்தில் வேறில்லை. இதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கச்சேரிப் பைத்தியம். பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் கதவு ஸ்பீக்கர்களை மாற்றி ஆறரை அங்குலத்தில் புதியவை வைத்துக்கொண்டார். வைத்த அன்றிலிருந்து மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் கேட்கிறது, கனத்த நாதம் தரும் தொப்பி கேட்கவில்லை என்று குறைபட்டார். கடைக்குப் போனார், ‘பாஸுக்கு சப் வேணும் சார்’ என்றார்கள், பன்னிரண்டு அங்குலப் பெட்டி ஒன்றும் அதற்கோர் ஆம்பும் டிக்கியில் ஏறின, ஸ்டெப்னி எடுக்க வேண்டுமானால் பெட்டியை இறக்கித் தரையில் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அப்போதும் தொப்பி வரவில்லை. பின்னால் எங்கோ கதவு சாத்துவதைப் போல ‘தொம் தொம்’ என்றொரு ஓசை வந்தது, தொப்பியின் கும்கி வரவில்லை. இன்னும் பெரிய ஆம்ப் வைத்தால் வரும் என்று சொல்லியனுப்பிய நிலையில்தான் அவர் என்னிடம் வந்தார்.

நான் செய்த முதல் காரியம், சப்பை அணைத்துவிட்டு, பேலன்ஸை முழுவதும் வலப்பக்கம் திருப்பியது. வலக் கதவு மட்டும் பாடியபோது தொப்பி ஓரளவு கேட்டது. இடப்பக்கம் திருப்பினேன், அப்போதும் கேட்டது. நடுவில் வைத்தேன், இரண்டும் சேர்ந்து பாடியதும் மறைந்து போயிற்று. இரண்டு பேர் தனித்தனியே பேசும்போது கேட்பது, சேர்ந்து பேசும்போது கேட்காமல் போகுமானால், அவர்கள் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? டோர் பேடைக் கழற்றினோம். ஒயர்களை ஸ்டீரியோவிலிருந்து பிரித்துவிட்டு, டார்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்றை எடுத்து, ஸ்பீக்கருக்குப் போகும் பிளஸ் ஒயரில் செல்லின் மேல்முனையையும் மைனஸில் அடியையும் ஒரு கணம் தொட்டு எடுத்தேன். வலக் கதவின் கூம்பு ‘டப்’ என்று வெளியே ஒரு நூலளவு தள்ளியது. இடக் கதவின் கூம்பு அதே தொடுகைக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. கம்பெனியின் சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை முறுக்கி, டேப் சுற்றிய இடத்தில் பிளஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. ஒரு கூம்பு காற்றை முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றது பின்னே இழுத்தது. 100 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் ஆகையால், ஒன்றரை மீட்டர் அகலங்கூட இல்லாத அந்தச் சிறிய அறைக்குள் இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. ஒயரை மாற்றிப் போட்டு டேப் சுற்ற ஐந்து நிமிஷம் ஆயிற்று. தலைமை ஆசிரியர் முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தனி ஆவர்த்தனத்தை முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த பணம்?” என்று மட்டும் கேட்டார்.

இதற்கு எதிர்த்தரப்பார் ‘ஏதோ ஓர் அஜாக்கிரதை’ என்று சமாதானம் சொல்லலாம். அஜாக்கிரதை யாருக்கும் நேரும். இரண்டு தடவை கடைக்குப் போன வண்டியில், இரண்டு தடவையும் பேலன்ஸைத் திருப்பிப் பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றாமற் போனதற்குப் பெயர் அஜாக்கிரதை ஆகாது. மாற்றுவதே மருந்து என்று முன்கூட்டியே முடிவு கட்டிய மனத்துக்குப் பரீட்சை செய்யும் அவசியமே எழுவதில்லை. நான் சித்தாந்தம் என்று சொன்னது அதைத்தான்.

4. ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டும் என்பதை வீட்டில் ஒப்புக்கொள்கிறவர்கள் காரில் ஏன் மறந்து விடுகிறார்கள்? கூம்பின் முன்புறம் பிறக்கும் அலைக்கு நேர் விரோதமான அலை அதன் பின்புறம் பிறக்கிறது. இரண்டும் சந்திக்காமல் தடுப்பதற்கே பெட்டி. காரில் அந்தப் பெட்டியின் ஸ்தானத்தில் இருப்பது கதவு. கதவின் உள் தகட்டிலோ, கண்ணாடி மோட்டாரையும் பூட்டையும் பழுது பார்க்கக் கை நுழையும் அளவுக்குப் பெரிய துவாரங்கள். கம்பெனி அவற்றின்மேல் ஒட்டி அனுப்பும் பிளாஸ்டிக் ஷீட்டையும் ஃபிட்டர் பிளேடால் கிழித்து ஒரு மூலையில் தொங்க விட்டிருப்பார். இந்த ஓட்டைச் சட்டியில் பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை வைத்தாலும், இரண்டாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை வைத்தாலும் கீழ் ஸ்தாயி கரைந்தே போகும். துவாரங்களைப் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டால் அடைத்து, ஸ்பீக்கரின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் வளையம் வைத்து இறுக்கினால், பழைய காகிதக் கூம்பே ‘நானா இது’ என்னும்படி பாடுவதைக் கேட்கலாம். அந்த வளையம் மரத்தூள் பலகையில் செய்ததாக இருந்தால் முதல் ஐப்பசி மழைக்கே ஊறிப் பணியாரமாகி விடும், பிளாஸ்டிக் நல்லது. கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அடைக்கவே கூடாது. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் நீர் வெளியேற அவைதான் வழி.

5. எல்லா மூடநம்பிக்கைகளுக்கும் ஒரு கர்ப்பக்கிருகம் உண்டானால், இந்த மூடநம்பிக்கையின் கர்ப்பக்கிருகம் ஆம்பின் மேல் இருக்கும் ‘கெயின்’ என்ற சிறு திருகே ஆகும். அதை வால்யூம் என்று நினைத்து, முழுவதும் திருகிவிட்டு, ‘ஃபுல் பவர்ல வெச்சிருக்கேன் சார்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆம்ப் கொடுக்கக்கூடிய உச்ச சக்தி கெயினைத் திருகுவதால் ஒரு வாட்கூட உயராது. ஸ்டீரியோவிலிருந்து எத்தனை வோல்ட் வந்து சேரும்போது அந்த உச்சத்தைத் தொட வேண்டும் என்பதை மட்டுமே அது நிர்ணயிக்கிறது. 4 வோல்ட் அனுப்பும் ஸ்டீரியோவை, 0.2 வோல்ட்டுக்கே உச்சத்தைத் தொடும்படி திருகிய ஆம்பில் சேர்த்தால், கொள்ளளவுக்கு இருபது மடங்கு வோல்ட் உள்ளே பாய்கிறது. வால்யூமின் முதற்பகுதியிலேயே அலையின் தலை துண்டாகி, மேலே சொன்ன சதுர வடிவம் எய்தி, ட்வீட்டர் கருகும் வரை அப்படியே ஓடுகிறது. மதகை அகலத் திறந்தால் ஏரியில் நீர் பெருகுவதில்லை. கரை உடைவதுதான் மிச்சம்.

இதைச் சரியாக வைக்க ஞான திருஷ்டி தேவையில்லை, மல்டிமீட்டர் ஒன்று போதும். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, டோன் கட்டுப்பாடுகளையெல்லாம் நடுவில் வைத்து, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, ஒரே ஸ்வரமாக ஒலிக்கும் சோதனை நாதத்தை ஓட்டி, ஆம்பின் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளக்க வேண்டும். எவ்வளவு வர வேண்டும்? ஆம்பின் உண்மையான, ஆர்.எம்.எஸ். என்று குறித்திருக்கும், வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விடை. 75 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 300இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். மீட்டர் அந்த எண்ணைத் தொட்டதும் திருகை நிறுத்திவிட வேண்டும். பத்து நிமிஷ வேலை. எட்டாம் வகுப்புக் கணக்கு.

பாஸ் பூஸ்ட் என்ற மற்றொரு திருகைப் பற்றி ஒரு வார்த்தை. அதை 12 டெசிபல் உயர்த்துவது அந்தக் கீழ் ஸ்தாயிக்கு மட்டும் பதினாறு மடங்கு சக்தியைக் கேட்பதற்குச் சமம். அவ்வளவு சக்தி இல்லாத ஆம்ப் என்ன செய்யும்?

6. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஒரு ‘ஙீ...’ என்ற ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்டால், எந்த ஸ்பீக்கரை மாற்றி அதை நிறுத்தப் போகிறார்கள்? அது ஆல்டர்னேட்டரின் குரல். அது உள்ளே நுழைந்த வழியைத் தேட வேண்டுமே தவிர, வெளியே வந்த வாயை மாற்றிப் பயனில்லை. ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. ஒயரை ஆம்பிலிருந்து உருவிப் பார்க்கட்டும். ரீங்காரம் நின்றால் அது சங்கீதம் வரும் பாதையிலேயே ஏறி வருகிறது என்று பொருள். நிற்காவிட்டால் ஆம்பின் எர்த்திலோ மின் ஒயரிலோ குற்றம். நான் பார்த்த வண்டிகளில் அநேகமாக எர்த் ஒயரின் லக், பெயிண்ட் அடித்த தகட்டின் மேலேயே ஸ்குரூவால் பிடிக்கப்பட்டிருந்தது. பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில், அரை மீட்டருக்கு மிகாத தடித்த ஒயரால் இறுக்கியதும் ரீங்காரம் அடங்கியது. இதற்கு ‘நாய்ஸ் ஃபில்டர்’ என்று ஒரு டப்பி விற்கிறார்கள். வீட்டில் பாம்பு புகுந்த துவாரத்தை அடைக்காமல் மகுடி வாங்கித் தருவதற்கு ஒப்பானது அது.

இந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் தடித்த ஒயரில், பாட்டரியை ஒட்டி, ஒன்றரை அடிக்குள்ளாகவே பியூஸ் இருந்தாக வேண்டும். ‘ஆம்புலயே பியூஸ் இருக்கு சார்’ என்ற பதில் பதிலாகாது. ஆம்பின் பியூஸ் ஆம்பைக் காக்கும். எஞ்சின் அறைத் தடுப்பின் கூர்விளிம்பில் உராய்ந்து தோல் கிழிந்த ஒயர் வண்டியின் உடம்பைத் தொட்டால், பாட்டரியின் மின்சாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் பாயும், ஆம்ப் வரைக்கும் வரவே வராது. அத்துடன், செம்பு என்று விற்கப்படும் ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டும் பெற்றவை. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பின் ஐந்தில் மூன்று பங்குதான் என்பதால், அதே பருமனில் அது அதிகம் சூடாகும். கத்தியால் நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். பெரிய ஆம்ப் வைத்தால் தீரும் என்கிறவர்கள், அந்தப் பெரிய ஆம்ப் இழுக்கும் மின்சாரத்துக்கு எந்த ஒயரைப் போட்டார்கள் என்று வாடிக்கையாளரிடம் காட்டியதுண்டா?

7. ‘ட்யூனிங் என்பது ருசி, ருசிக்கு இலக்கணம் இல்லை’ என்கிறார்களே, வீணைக்குச் சுருதி சேர்ப்பதும் ருசியா? வித்துவான் எந்த ராகத்தைப் பாடுவது என்பது ருசி. தம்புராவின் பஞ்சமம் பஞ்சமமாக இருக்க வேண்டும் என்பது ருசியன்று. நம் நாட்டு வண்டியில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் அமர்கிறார். வலக் கதவின் ஸ்பீக்கர் அவர் காதுக்கு 90 சென்டிமீட்டரிலும், இடக் கதவினுடையது 140 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். நம் ஊர் உஷ்ணத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. அந்த அரை மீட்டர் வித்தியாசத்தால் இடப்பக்க ஒலி ஒன்றரை மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தி வருகிறது. அவ்வளவு சிறு பிந்துதல் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்களுக்கு 1949லேயே பதில் சொல்லியாயிற்று: ஜெர்மனியில் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் தம் ஆய்வேட்டில், சில மில்லி விநாடிகள் பிந்தி வரும் அதே ஒலி சற்று உரத்ததாக இருந்தாலும்கூட, முந்தி வந்ததன் திசையிலிருந்தே எல்லாம் வருவதாகக் காது கொள்கிறது என்று பரிசோதனையால் நிறுவினார். அதனால்தான் பாடகர் கண்ணாடிக்கு முன்னே நடுவில் அமராமல் வலக் கதவின் கீழே, முழங்காலுக்கருகில் உட்கார்ந்து பாடுகிறார். அதோடும் நிற்கவில்லை. அரை மீட்டர் என்பது 345 ஹெர்ட்ஸில் சரியாக அரை அலை. இரண்டு கதவும் ஒன்றாகப் பாடும் குரலின் அந்தப் பகுதி ஓட்டுநரின் காதில் மெலிந்து ஒடுங்குகிறது. ‘குரலில் சதைப்பற்று இல்லையே’ என்று அவர் நொந்துகொண்டு ட்ரெபிளைத் திருகுகிறார். டைம் அலைன்மென்ட் வசதியுள்ள ஸ்டீரியோவானால், டேப் வைத்துத் தூரத்தை அளந்து, வலப்பக்கத்தைச் சுமார் 1.4 மில்லி விநாடி தாமதிக்கச் செய்தால், பாடகர் எழுந்து வந்து நடு மேடையில் அமர்வார். பலருடைய ஸ்டீரியோவில் இந்த வசதி வாங்கிய நாள் முதல் தீண்டப்படாமலே கிடக்கிறது.

கிராஸ்ஓவரும் அப்படியே. ஒரே அளவு சப்தத்தை 80 ஹெர்ட்ஸில் எழுப்புவதைவிட 40 ஹெர்ட்ஸில் எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஆறரை அங்குலக் கதவுக் கூம்புக்கு அந்த ஓட்டத்துக்கு இடம் கிடையாது; ஓடப் பார்த்து முட்டிக்கொண்டு, தன்மேல் ஏறி வரும் குரலையும் வயலினையும் சேர்த்துக் குலுக்குகிறது. கீழ் ஸ்தாயியைத் தடுக்கும் எச்.பி.எஃப். என்று மெனுவில் ஒன்று இருக்கிறதே, அதை 80இல் வைத்துவிட்டால் கதவு தன் வேலையை மட்டும் பார்க்கும். சப் இருந்தால் அதற்கு, மேல் ஸ்தாயியைத் தடுக்கும் எல்.பி.எஃப். அதே 80. சப் வாங்குவதற்குச் செலவு உண்டு. 80 என்று அழுத்துவதற்கு உண்டா?

ருசிக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் வரைந்து காட்டிய வளைகோடுகளின்படி, சப்தம் தாழும்போது கீழ் ஸ்தாயியைக் காது அதிகமாக இழக்கிறது; போதாததற்குச் சாலையின் இரைச்சலும் கீழ் ஸ்தாயியைத்தான் மூடுகிறது. ஆகவே ஓடும் காரில் பாஸைச் சற்றுத் தூக்கி வைப்பது நியாயமே. ஆனால் பிளஸ் மைனஸும், கதவின் ஓட்டையும், கெயினும், எர்த்தும், தாமதமும் சரியான பிறகே அந்த ‘சற்று’ எவ்வளவு என்று காதுக்குத் தெரியும். குற்றங்களை மூடி மறைக்கத் திருகுவதை ருசி என்று சொல்லிக்கொள்வது, உப்பு கூடிய சாம்பாரில் வெல்லத்தைக் கொட்டிவிட்டு ‘எங்கள் வீட்டுப் பக்குவம் இப்படி’ என்பதற்குச் சமம்.

இத்தனையும் கடைக்காரர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பியூட்டைல் ஷீட்டின் உபயோகத்தைக் கற்றுக் கொடுத்தவரே ஒரு ஃபிட்டர்தான். அப்படியிருந்தும் அவர்கள் வாயிலும் ‘மாத்திடுங்க’தானே வருகிறது என்றால், அந்தக் குற்றத்தில் பாதிக்கு நாம் பங்காளிகள். பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்குப் பேரம் பேசாமல் கொடுப்பவர், ஃபிட்டிங்குக்கு முந்நூறு ரூபாய் என்றதும் ‘அதெல்லாம் ஃப்ரீதானே’ என்று முகம் சுளிக்கிறார். பொருள் விற்றால் மட்டும் காசு, குற்றத்தைக் கண்டுபிடித்தால் காசில்லை என்று ஆக்கிவிட்டால், எந்தப் பைத்தியக்காரன் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கதவுக்குள் தலையை நுழைப்பான்? விற்பனைக்கு வேறாகவும் விசாரணைக்கு வேறாகவும் கூலி கொடுக்கும் வழக்கம் வந்தாலன்றி, இந்தச் சித்தாந்தத்துக்குச் சோறு போடுகிறவர்கள் நாமே.

இதை நான் சொல்லக் கேட்ட தலைமை ஆசிரியர் மறு வாரமே, தமக்குப் பெட்டி விற்ற அதே கடைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நானும் உடன் சென்றேன். புதிய ஆம்ப் வேண்டாம் என்றும், இருக்கிற ஆம்பின் கெயினை மீட்டர் வைத்துச் சரிசெய்து, எர்த்தைப் பெயிண்ட் சுரண்டிப் போட்டு, பாட்டரி அருகே பியூஸ் ஒன்றும் வைத்துத் தர வேண்டும் என்றும் கேட்டார். கடைப் பையன் முக்கால் மணி நேரம் வியர்வை சிந்த வேலை செய்தான். செய்யத் தெரிந்தே செய்தான். முடிந்ததும் பெரியவர் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். பையன் ஒரு கணம் தாளையும், ஒரு கணம் முதலாளியையும் பார்த்தான்.

“பியூஸுக்கு எழுபது ரூபாதான் சார்,” என்றான். “மீதி எதுக்கு? வேற ஒண்ணுமே வாங்கலியே?”